முலாம் பூசிய குண்டும் மருந்தின் அளவும்



கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழ்கின்ற என் தமக்கையின் மகன் சில வாரங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். பிறந்தது மல்லாவியில், பத்து வயதிலே நாட்டை விட்டுப் போனவன், இன்று அவனே இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. ஓய்வு நாள்களில் இலக்குச் சுடும் கழகமொன்றுக்குப் போய்வருகின்றான். தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் அந்நாட்டில் 2022 ஒக்ரோபர் 21 ஆம் திகதியோடு முடக்கப்பட்டன. எனினும் அதற்கு முன்னரே உரிய அனுமதியுடன் வைத்திருந்தோர் அவற்றைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். ஒருமுறை சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறிந்துவிடாமல், புதிய தீமூட்டியும் புதிய மருந்தும் புதிய குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அங்கே உண்டு. சட்டம் அதற்கு இடந்தருகின்றது, செலவும் குறைகின்றது.

அவனுடைய கேள்வி இது. “மாமா, வெறும் ஈயக் குண்டுக்குப் புத்தகத்தில் ஓர் அளவு இருக்கிறது. தடித்த செப்பு உறை போட்ட குண்டுக்கு இன்னோர் அளவு இருக்கிறது. நான் வாங்கியதோ ஈயத்தின் மேல் செப்பு முலாம் மட்டும் பூசிய குண்டு. இதற்கு அளவே காணவில்லை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் போடலாமா? அப்பு இடியனுக்கு மருந்து அளந்த கதையை அம்மா சொல்லுவா. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.”

பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கி வல்லுநன் அல்லன். ஆயினும் இந்தக் கேள்வி என்னை வன்னிக் காட்டோரத்து வயலொன்றுக்கு இழுத்துச் சென்றது. மல்லாவியிலே நான் சிறுவனாக இருந்தபோது கண்ட ஒரு காட்சிக்கும் ரொறன்ரோவில் அவன் மேசைமீது இருக்கும் குண்டுப் பெட்டிக்கும் இடையே நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவு விளங்கினால் கேள்விக்கு விடையும் விளங்கும்.

மாங்குளத்திலிருந்து மேற்கே துணுக்காய் நோக்கிப் போகும் வீதியில் உள்ள ஊர் மல்லாவி. பக்கத்தில் வவுனிக்குளம். பழைய அந்தக் குளம் ஐம்பதுகளிலே திருத்தப்பட்டுக் குடியேற்றக்காரருக்குக் காணி வழங்கப்பட்ட காலத்தில், எங்கள் தந்தையாரும் காடு வெட்டி வயலாக்கியவர்களுள் ஒருவர். நெல்லு குடலை பருவத்தை அடைந்தால் பன்றிக்கு எங்கிருந்துதான் மணம் போகுமோ தெரியாது; இரவோடிரவாகக் கூட்டமாக வந்து கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். ஆகவே வரம்பிலே ஒரு காவற்கொட்டில், கொட்டிலிலே ஓர் அரிக்கன் லாம்பு, லாம்புக்குப் பக்கத்தில் ஓர் இடியன் துவக்கு என்பதே எங்கள் காலபோக இரவுகளின் அமைப்பு. இடியன் என்ற பெயர், மருந்தைக் கோலால் இடித்து ஏற்றுவதால் வந்ததா, வெடிக்கும்போது இடிபோல முழங்குவதால் வந்ததா என்று எங்களூரில் ஒரு நீண்ட வழக்கு உண்டு. அதை இங்கே தீர்க்க நான் முயலவில்லை.

தந்தையாரிடம் ஒரு மூங்கிற் சிமிழ் இருந்தது. கரிமருந்தை அதில் தலைதட்டி அளந்து குழலுக்குள் கொட்டுவார், தும்பை வைத்து இடிப்பார், அளவாக ஈயச் சன்னங்களை இடுவார், மீண்டும் தும்பு. அந்தச் சிமிழ் வேறொருவருடைய துவக்குக்கு உதவாது என்று சொல்லுவார். அயலார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். சிறு பொருளுக்கு இத்துணை உலோபமா என்று நான் எண்ணியதுண்டு.

அறுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள், வாய்க்காலுக்கு அப்பால் வயல் வைத்திருந்த அண்ணர் ஒருவருக்குக் கரிமருந்து தீர்ந்துபோயிற்று. அவரிடம் பன்னிரண்டாம் இலக்கத் துவக்குக்குரிய கடைத் தோட்டாக்கள் சில இருந்தன. அவற்றை வெட்டி, உள்ளிருந்த மருந்தை எடுத்து, வழக்கமாகக் கரிமருந்து அளக்கும் அதே அளவையால் அளந்து தம் இடியனுக்குள் இட்டார். அளவிலே அவர் பிழை விடவில்லை. ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் மருந்து வேறு. அன்றிரவு நாங்கள் கேட்ட ஓசை வழக்கமான இடி முழக்கமன்று. வறண்ட, கூரிய ஓசை. குழல் அடிப்பக்கத்திலே பிளந்து இடக்கையின் மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று. மாட்டு வண்டியில் மாங்குளம், அங்கிருந்து லொறியில் வவுனியா. உயிர் தப்பியது, ஆனால் அந்தக் கையால் அவர் பின்னர் மண்வெட்டி பிடித்ததில்லை.

அந்த இரவில் நிகழ்ந்தது யாது? கரிமருந்து பழைய பொருள். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்தது. அது எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு வாயுவாக மாறாமல் புகைத் துகளாகவும் அழுக்காகவும் எஞ்சும். ஆகவே குழலைத் துடைத்துத் துடைத்துக் களைத்துப்போவோம். சுற்றிலும் அழுத்தம் ஏறினாலும் அதன் எரிவேகம் பெரிதாக மாறுவதில்லை. ஒரு வகையில் அது பொறுமையான மருந்து. புகையற்ற மருந்தின் இயல்பு வேறு. 1884 இல் பிரான்சிலே போல் வியேய் என்பவர் பஞ்சு போன்ற செலுலோசுப் பொருளை நைத்திரிக்கமிலத்தால் மாற்றி, அதைக் கூழாக்கித் தகடாக்கி வெட்டி முதல் வெற்றிகரமான புகையற்ற மருந்தை ஆக்கினார். மூன்றாண்டுகளில் அல்பிரெட் நொபெல் தம் மருந்தைக் கொண்டுவந்தார். அதன்பின் இங்கிலாந்திலே கோடைற்று வந்தது. அந்தக் கோடைற்றைச் செய்வதற்கென்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நீலகிரியில், குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை எழுந்தது.

இந்தப் புதிய மருந்துகள் ஏறக்குறைய முழுதும் வாயுவாகின்றன. அதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அழுத்தம் ஏற ஏற இவை வேகமாக எரியும். வேகமாக எரிய எரிய அழுத்தம் மேலும் ஏறும். அடைத்த அறைக்குள் தீயும் காற்றும் ஒன்றையொன்று தூண்டிவிடுவது போல. ஆகவேதான் சிறிதளவு மிகை, சிறிதளவு விளைவோடு நின்றுவிடுவதில்லை. கூட்டற் கணக்கு இங்கே உதவாது. அண்ணருடைய சிமிழ் அளந்தது கொள்ளளவை மட்டுமே. குழலைப் பிளந்ததோ அந்தக் கொள்ளளவுக்குள் அடங்கியிருந்த வேறொரு மருந்தின் இயல்பு.

இனி மருமகனின் மேசைக்கு வருவோம். அவனிடம் இருப்பது ஒன்பது மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி. 1902 இல் தோன்றி இன்று உலகெங்கும் பரவிவிட்ட தோட்டா வகை. இதற்கு அமெரிக்க நியமம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 35,000 இறாத்தல். மோட்டார் வண்டிச் சக்கரத்துக்கு நாம் அடிக்கும் காற்று முப்பது இறாத்தல் அளவுதானே! அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம், முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்த கைக்குள்ளே, கண் இமைக்கும் நேரத்தின் மிகச் சிறு பகுதிக்குள் எழுந்து அடங்குகின்றது. எல்லாத் தோட்டாவுக்கும் இதே வரம்பு என்று எண்ணிவிடக் கூடாது. முப்பத்தெட்டு இசுப்பெசல் என்னும் சுழல் துப்பாக்கித் தோட்டாவின் வரம்பு 17,000. நாற்பத்தைந்து தானியங்கியின் வரம்பு 21,000. ஒன்றுக்குரிய அளவு மற்றொன்றுக்கு எமனாகலாம்.

இந்த அழுத்தத்தை வீட்டிலே அளக்க முடியாது என்பதுதான் முழுச் சிக்கலின் வேர். தொழிற்சாலையில் அளப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குழலின் பக்கத்தில் ஒரு துளையிட்டுச் சிறு செப்பு உருளையை வைத்து, வெடித்தபின் அஃது எவ்வளவு நசுங்கிற்று என்று பார்த்தார்கள். இன்று அழுத்தத்தை மின்னாக மாற்றும் பளிங்குக் கருவிகளைப் பயன்படுத்துகின்றார்கள். குறித்த குழல், குறித்த கோது, குறித்த தீமூட்டி, குறித்த மருந்து, குறித்த குண்டு, அந்தக் குண்டு கோதுக்குள் இறங்கிய ஆழம் ஆகிய அனைத்தையும் வரையறுத்துப் பலமுறை சுட்டு, அழுத்தத்தைக் குறித்து, அதன்பின்னரே ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று அச்சிடுகின்றார்கள். ஆகவே புத்தகத்தில் உள்ள எண் மருந்துக்குரிய எண் அன்று. அந்தச் சேர்க்கை முழுவதற்கும் உரியது. சேர்க்கையில் ஒன்று மாறினாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் நின்ற சோதனை விலகிப்போய்விடுகின்றது. தந்தையார் தம் சிமிழைக் கொடுக்க மறுத்தது உலோபத்தால் அன்று என்பதை நான் இப்போது அறிகின்றேன்.

முலாம் பூசிய குண்டு எத்தகையது? உறையிட்ட குண்டுக்கு, செம்பும் சிறிது நாகமும் கலந்த தகட்டைக் கிண்ணமாக இழுத்து, அதற்குள் ஈயத்தை அழுத்தி நிரப்புவார்கள். சுவிற்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1880களின் தொடக்கத்தில் அமைத்த முறையின் வழித்தோன்றல் அது. உறை தடித்தது, விறைப்பானது. முலாம் பூசியதோ அப்படியன்று. மென்மையான ஈயத்தைக் குண்டு வடிவில் அழுத்தி, செப்பு உப்புக் கரைசல் தொட்டியில் இட்டு மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஈயத்தின் மேல் செம்பு மெல்லென்று படியும். பிறகு மீண்டும் அச்சில் வைத்து வடிவைத் திருத்துவார்கள். படிந்த செம்பின் தடிப்பு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். கடையிலே ஒன்றுக்கருகில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பொன்னிறம். கவரிங் நகையையும் பொன் நகையையும் தட்டில் வைத்துப் பார்ப்பது போலத்தான். வேறுபாடு தேய்க்கும்போதுதான் தெரியும். குழலுக்குள்ளே நடப்பதோ கடுமையான தேய்ப்பு.

குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட வரித்தடங்கள் குண்டைப் பற்றிச் சுழற்றுகின்றன. மெல்லிய முலாம், மிகை வேகத்தில் அந்தப் பிடியைத் தாங்காமல் கிழியலாம். கிழிந்தால் குண்டு தள்ளாடும், இலக்கு தவறும், அரிதாக ஈயம் முன்னே போய் முலாம் குழலுக்குள் தங்கிவிடலாம். இதனால் முலாம் குண்டு செய்வோர் பலர் வேக வரம்பு ஒன்றைச் சொல்லுகின்றார்கள். அது பொதுவாக வினாடிக்கு 1,200 அடி அளவிலே நிற்கும். தடித்த முலாம் இட்டவற்றுக்குச் சிறிது கூடலாம். அழுத்த வரம்பு ஒன்று, வேக வரம்பு மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு வேலிகள். ஒன்றைத் தாண்டாமலே மற்றதைத் தாண்டிவிட முடியும்.

‘இரண்டையும் கூட்டிப் பாதியாக்கலாமா’ என்ற கேள்வி இங்கேதான் உடைகின்றது. வெறும் ஈயக் குண்டுக்குப் புத்தகம் தரும் உச்ச அளவு பல வேளைகளில் அழுத்தத்தால் வரையறுக்கப்பட்டதன்று. அதற்கு மேற்போனால் ஈயம் உரிந்து குழலில் அப்பும் என்பதனால் வரையறுக்கப்பட்டது. உறையிட்ட குண்டின் உச்சமோ பெரும்பாலும் அழுத்த வரம்பைத் தொட்டு நிற்பது. வெவ்வேறு காரணத்துக்காக நாட்டிய இரண்டு எல்லைக் கற்களின் நடுப்புள்ளிக்குப் பொருள் இல்லை. வரம்புக்கும் வீதிக்கும் நடுவிலே நின்றுகொண்டு ‘இது என் காணி’ என்று சொல்லுவது போன்றது அது.

அப்படியானால் எங்கே தேடுவது? முதலில் குண்டைச் செய்தவரிடம். மருந்து விற்பவரை விட, புத்தகம் எழுதியவரை விட, கழகத்து நண்பரை விட, தம் முலாத்தின் தடிப்பை அறிந்தவர் அவரே. அவருள்ளும் ஒருவர் ‘ஈயக் குண்டின் அளவைக் கொள்க’ என்பார். மற்றொருவர் ‘உறையிட்ட குண்டுக்குரிய அளவின் நடுப்பகுதிக்கு மேற்போகற்க’ என்பார். வேறொருவர் ‘அவ்வளவில் பத்திலொரு பங்கு குறைக்க’ என்பார். இவை முரண்பாடு போலத் தோன்றும். ஒவ்வொருவரும் தத்தம் குண்டைப் பற்றியே பேசுகின்றார்கள் என்று கொண்டால் முரண்பாடு இல்லை. ஒருவருடைய அறிவுரையை எடுத்து மற்றவருடைய குண்டுக்குப் பொருத்துவதுதான் பிழை.

அடுத்து மருந்தைச் செய்தவரின் அண்மைக்கால அட்டவணை. முலாம் பூசிய குண்டுகளையும் பெயர் சொல்லிச் சோதித்து அவற்றுக்கென அளவு தருகின்ற மருந்து நிறுவனங்கள் இன்று உண்டு. அங்கே நம் குண்டின் எடையும் வடிவமும் இருந்தால் வேலை எளிது. எடை மட்டும் ஒத்திருந்து வடிவம் மாறினால் எச்சரிக்கை தேவை. ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகளில் நீண்டது கோதுக்குள் ஆழமாக இறங்கும். ஒன்பது மில்லிமீற்றர்க் கோதின் உள்வெளி முழுவதும் ஒரு கன சென்றிமீற்றரிலும் குறைவு. அதிலும் குண்டின் அடிப்பாகம் ஏற்கெனவே ஒரு பங்கைப் பிடித்திருக்கின்றது. குண்டு இன்னும் ஒரு மில்லிமீற்றர் கீழே இறங்கினால் அறுபது கன மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடம் போய்விடும். இடம் சுருங்கினால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால்… முன்னே சொன்ன கதைதான். கைத்துப்பாக்கிக் கோது சிறியது. ஆகவே அதிலே பிழைக்கு இடமும் சிறியது. புத்தகம் தரும் முழு நீளத்தைக் கவராயத்தால் அளந்து சரிபார்க்க வேண்டும் என்று நான் அவனுக்கு இரண்டு முறை கோடிட்டு எழுதினேன்.

மருந்தின் பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. ஐ.எம்.ஆர். 4350 என்று ஒரு றைபிள் மருந்து, எச். 4350 என்று மற்றொன்று. எண் ஒன்றே, மருந்து வேறு. முன்னெழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தவன் பிறருடைய சிமிழை இரவல் வாங்கியவனுக்கு ஒப்பானவன். தூளின் நிறத்தையும் மணியின் வடிவத்தையும் பார்த்து மருந்தை அடையாளம் காண முடியும் என்று எவரேனும் சொன்னால் அவரிடமிருந்து சற்றுத் தள்ளி நிற்பது நலம். எரிவேகத்தைத் தணிக்கும் பூச்சு மணியின் மேலே இருக்கலாம். அதைக் கண் காணாது.

இனி, ‘குறைத்துப் போட்டால் ஆபத்தில்லையே’ என்ற எண்ணம். நல்லவர்களும் விழுகின்ற குழி இது. செம்பு பூசிய குண்டு ஈயத்தை விடக் குழலை இறுக்கிப் பிடிக்கலாம். மருந்து மிகக் குறைந்தால் குண்டு குழலின் நடுவிலே நின்றுவிடும். ‘டப்’ என்று மெலிந்த ஓசை எழும். சுடுபவன் அதைக் கவனியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், அடைபட்ட குழலுக்குள் இரண்டாவது குண்டு மோதும். குழல் வீங்கும், அல்லது பிளக்கும். ஆகவே அச்சிட்ட தொடக்க அளவுக்குக் கீழே போகவும் உரிமை இல்லை. மெதுவாக எரியும் சில மருந்துகளைப் பற்றி, அவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைக்கவே கூடாது என்று செய்தவர்களே எச்சரித்திருக்கின்றார்கள். அம்மருந்துகள் கடும் வேகத் தோட்டாக்களுக்கு உரியவை. முலாம் குண்டோ வேகம் தாங்காதது. மருந்து ‘குறைக்காதே’ என்கின்றது. குண்டு ‘கூட்டாதே’ என்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்துக் கட்ட வழியில்லை. வேறு மருந்தைத் தேடுவதே வழி.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த அட்டவணைகள் கிறெயின் என்னும் பழைய எடையில் இருக்கும். ஓர் இறாத்தலில் 7,000 கிறெயின். ஒரு கிறெயின் ஏறக்குறைய 65 மில்லிகிறாம். நம் தட்டாரின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிறெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவொன்றின் மருந்து பல வேளைகளில் இரண்டு மூன்று குன்றிமணி எடைக்குள் அடங்கிவிடும். அதிலே அரைக் கிறெயின் பிசகினால் பத்தில் ஒரு பங்கு பிசகிவிட்டது. பொன் நிறுக்கும் தட்டார் விசிறியை நிறுத்திவிட்டு நிறுப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அந்த ஒழுக்கம் இங்கும் வேண்டும். தராசைத் தெரிந்த படிக்கற்களால் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். வேகமாக எரியும் மருந்து கோதில் பாதியையும் நிரப்பாது. ஆகவே கவனக்குறைவால் இருமுறை இட்டுவிட்டாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் விளக்கைப் பிடித்துப் பார்ப்பது ஒருவனின் விரல்களின் விலை. தொலைபேசி அடித்தால்? வேலையை நிறுத்தி, கையிலிருக்கும் கோதைக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் பேச வேண்டும்.

முலாம் குண்டுக்கென்றே உரிய நுணுக்கம் ஒன்று எஞ்சியிருக்கின்றது. கோதின் வாயைக் குண்டு இறங்கும் அளவுக்குச் சிறிது மலர்த்தி, பின்னர் மீண்டும் நேராக்க வேண்டும். போதிய அளவு மலர்த்தாவிட்டால் விளிம்பு முலாத்தைச் சுரண்டும். நேராக்கும்போது இறுக்கி நெரித்தால் முலாத்தில் வளையமாக வெட்டு விழும். அந்த வெட்டிலிருந்துதான் பின்னர் குழலுக்குள் கிழிசல் தொடங்கும். சேர்த்த தோட்டா ஒன்றை மீண்டும் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மங்கிய அழுத்தத் தடம் இருக்கலாம், ஈயத்தின் சாம்பல் நிறம் தெரியக் கூடாது.

வேகமானி ஒன்று கழகத்திலே இருக்குமாயின் அதையும் பயன்படுத்தும்படி எழுதினேன். புத்தகம் சொன்னதை விட வேகம் கூடினால் மகிழ வேண்டியதில்லை. அதே மருந்தில் கூடுதல் வேகம் வந்தால் கூடுதல் அழுத்தத்திலிருந்தே அது வந்திருக்கக்கூடும். சுட்ட தீமூட்டியின் தட்டைத்தன்மையைப் பார்த்து அழுத்தத்தை மட்டிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. கைத்துப்பாக்கியில் அது நம்பத்தக்க சாட்சி அன்று. சாட்சி பேசத் தொடங்கும்போது சில வேளை வரம்பு கடந்து போயிருக்கும்.

இவ்வளவும் சட்டத்தின் அனுமதியோடு, அச்சிட்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கின்றவனுக்கு. நம் நாட்டின் நிலை வேறு. இலங்கையிலே துப்பாக்கி வைத்திருப்பதை 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், வெடிபொருளை 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டமும் ஆளுகின்றன. அனுமதியின்றி மருந்து வைத்திருப்பதும் தோட்டா ஆக்குவதும் குற்றம். இதைச் சொல்லாமல் நான் மேலே சொன்னவற்றை வன்னி மண்ணில் கேட்பவர்களுக்கு ஒலிபரப்புவது பொறுப்பாகாது. ஏனெனில் பன்றித் தொல்லை இன்னும் நீங்கவில்லை. போரும் தன் எச்சங்களை மண்ணுக்குள் விட்டுச் சென்றிருக்கின்றது.

2009 இல் போர் முடிந்தபின்னும் வயல் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் துருப்பிடித்த தோட்டாக்கள் வெளிப்பட்டதுண்டு. அவற்றைப் பிரித்தால் மருந்து கிடைக்கும் என்று எண்ணுகின்றவர்கள் இருக்கின்றார்கள். அந்த மருந்து எந்த நாட்டது, எந்தத் துப்பாக்கிக்கு உரியது, எத்தனை மாரியில் நனைந்தது, எத்தனை கோடையில் வெந்தது என்று எவருக்குத் தெரியும்? புகையற்ற மருந்து காலத்தால் சிதைவதும் உண்டு. அதற்கு எந்தப் புத்தகத்திலும் அளவு இல்லை. அளவில்லாத மருந்துக்குப் பாதுகாப்பான சிறு அளவும் இல்லை. தண்ணீர்க் குழாயை வெட்டிக் குழலாக்கிக் கட்டும் கட்டுத்துவக்கிலே இத்தகைய மருந்து இட்டால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பர்மிங்காமிலே 1813 இல் நிறுவப்பட்ட சோதனை மனையில், வழக்கத்தை விடக் கூடிய மருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்துத் தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். குழாய்க்கு அப்படிப்பட்ட முத்திரை ஏது? கட்டியவன் தப்பினாலும் கம்பியில் கால் தட்டுபவன் பன்றி என்பதற்கு உறுதியில்லை. விறகுக்குப் போனவர்களும் தேன் எடுக்கப் போனவர்களும் முழங்காலுக்குக் கீழே வெடிபட்டு ஆசுப்பத்திரிக்கு வந்த கதைகள் இந்நாட்டின் காட்டோர மாவட்டங்கள் எங்கும் உண்டு. கட்டுத்துவக்கு சட்டத்தாலும் விலக்கப்பட்டதே. மண்ணிலே தோட்டா கண்டால் தொடாமல் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மருமகனுடைய மறுமொழி சென்ற கிழமை வந்தது. குண்டு செய்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கின்றான். தாங்கள் சோதித்த மருந்துகள் இரண்டின் பெயரையும் முழு நீளத்தையும் அனுப்பியிருக்கின்றார்களாம். அவனிடம் இருந்த மருந்து அவ்விரண்டில் ஒன்றும் அன்று. ஆகவே பெட்டியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டான். வேறு மருந்து வாங்கும்வரை சனிக்கிழமைகளில் கடைத் தோட்டாவே சுடப்போவதாக எழுதியிருக்கின்றான். கடிதத்தின் அடியிலே, அப்புவின் மூங்கிற் சிமிழ் இப்போதும் இருக்கின்றதா என்று கேட்டிருந்தான். 2008 ஆம் ஆண்டு மல்லாவியை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது அது அடுப்படித் தட்டியில் செருகியபடி இருந்தது. திரும்பி வந்தபோது தட்டியும் இல்லை.